இயற்கை எனும் அமானிதம்: அலையாத்திக் காடும் சூரிய ஒளியும்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றிய நல்லோர் அனைவர் மீதும் உண்டாகட்டும். அம்மா பஃது.

கண்ணியத்திற்குரிய சகோதரர்களே! இன்று நாம் பார்க்கப் போகும் தலைப்பைக் கேட்டதும் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். "ஹஜ்ரத், தொழுகை, நோன்பு, மறுமை பற்றிப் பேசுங்கள். மரமும் மின்சாரமும் அரசாங்கத்தின் வேலைதானே?" என்று ஒரு பெரியவர் என்னிடமே கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லுமுன் ஒரு ஜும்ஆ நாளை உங்களுக்கு நினைவூட்டுகிறேன்.

மைக் இல்லாத ஜும்ஆ

2018 நவம்பர் 16. அன்று வெள்ளிக்கிழமை. விடிவதற்கு முன்பே கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று டெல்டாவின் தென்பகுதி முழுவதும் அடித்து நொறுக்கப்பட்டது. அப்போது நான் முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கரையோர ஊரில் இமாமாக இருந்தேன். பொழுது விடிந்து வெளியே வந்தால் ஊரே அடையாளம் தெரியவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட தென்னந்தோப்புகள் தரையோடு படுத்துக் கிடந்தன. மின்கம்பங்கள் முறிந்து கம்பிகள் தெருவில் கிடந்தன.

அன்று மைக் இல்லாமல்தான் பாங்கு சொன்னோம், மைக் இல்லாமல்தான் குத்பா ஓதினேன். அது பெரிய கஷ்டமில்லை. கஷ்டம் உளூவில் தொடங்கியது. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, மேல்தொட்டியில் இருந்த தண்ணீர் சுப்ஹோடு தீர்ந்துவிட்டது. குழாய் போட்ட பிறகு பழைய ஹவுளை மூடி, அதன்மேல் செருப்பு வைக்கும் மேடை கட்டியிருந்தோம். கைப்பம்பும் துருப்பிடித்துக் கிடந்தது. கடைசியில் பக்கத்துத் தெருவில் ஓர் இந்துச் சகோதரர் வீட்டுக் கிணற்றில் கயிறு போட்டு இறைத்துத்தான் உளூச் செய்தோம். பிறகு டீசலுக்கு வரிசையில் நின்று ஜெனரேட்டர் ஓட்டினோம். எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்பி வரப் பல வாரங்கள் ஆயின.

அந்த நாட்களில் வானம் தெளிந்து வெயில் சுட்டெரித்தது. மொட்டைமாடியில் நின்றால் கால் பொசுங்கும். தலைக்கு மேலே அல்லாஹ் இவ்வளவு பெரிய விளக்கை ஏற்றி வைத்திருக்க, கீழே நாங்கள் மெழுகுவர்த்திக்கு அலைந்து கொண்டிருந்தோம். அன்றிலிருந்துதான் இந்தத் தலைப்பு என் மனதில் வந்து உட்கார்ந்தது.

குழப்பம் என்ற சொல்லின் பொருள்

இப்போது அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். குர்ஆன் அதிகமாகக் கண்டிக்கும் குற்றங்களில் ஒன்று ஃபஸாத், பூமியில் குழப்பம் செய்வது. குழப்பம் என்றதும் கலகம், சண்டை என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் அல்பகரா அத்தியாயத்தின் 205ஆம் வசனத்தில், ஒருவன் அதிகாரம் கிடைத்ததும் பூமியில் குழப்பம் விளைவிப்பதைச் சொல்லும் அல்லாஹ், பயிர்களையும் உயிர்ப்பெருக்கத்தையும் அவன் அழிப்பதை அந்தக் குழப்பத்தோடு சேர்த்தே சொல்கிறான். இப்படிப்பட்ட குழப்பத்தைத் தான் நேசிப்பதில்லை என்று அதே வசனத்தை முடிக்கிறான். அப்படியானால் விளைநிலத்தையும் உயிரினங்களையும் நாசமாக்குவது அல்லாஹ்வின் வெறுப்புக்குரிய காரியம். ரப்பின் வெறுப்பைப் பற்றிப் பேசுவது மிம்பருடைய வேலை இல்லையா?

அர்ரூம் அத்தியாயத்தின் 41ஆம் வசனம் இன்னும் நேரடியாகப் பேசுகிறது. தரையிலும் கடலிலும் குழப்பம் வெளிப்பட்டதற்குக் காரணம் மனிதக் கைகள் தேடிக்கொண்டவையே என்றும், அவர்கள் செய்தவற்றில் சிலவற்றின் விளைவை அவர்கள் சுவைத்துத் திரும்பி வரவேண்டும் என்பதற்காகவே அது என்றும் அல்லாஹ் உணர்த்துகிறான். இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, செய்தவற்றில் சிலவற்றின் விளைவை மட்டுமே சுவைக்கிறோம். முழுவதையும் சுவைத்தால் தாங்கமாட்டோம், மீதியை அவன் தன் ரஹ்மத்தால் தடுத்து வைத்திருக்கிறான். இரண்டு, நோக்கம் பழிவாங்குவது அல்ல, நாம் திரும்பி வருவது. தவ்பாவின் வாசல் இந்த விஷயத்திலும் திறந்தே இருக்கிறது.

ஒரு விளக்கமும் தேவை. இன்ன ஊரில் புயல் அடித்தது, அந்த ஊரார் பாவம் செய்ததால்தான் என்று யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கஜாவில் நஷ்டமடைந்த எத்தனையோ பேர் தஹஜ்ஜுத் தொழுபவர்கள். புயல் அல்லாஹ்வின் நாட்டம். ஆனால் புயலுக்கும் ஊருக்கும் நடுவே அவன் நட்டு வைத்த தடுப்பை வெட்டியது யாருடைய கை என்பது நாம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

அல்லாஹ் நட்ட அரண்

காவிரியின் கிளை ஆறுகளான பாமணியாறும் கோரையாறும் கடலைச் சேரும் இடத்தில் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு இருக்கிறது. தமிழ்நாட்டின் மிகப் பெரிய அலையாத்திக் காடு அதுதான். ஏறத்தாழ 12,000 ஹெக்டேர் பரப்பு. அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று நம் முன்னோர் பெயர் வைத்தார்கள். பெயரிலேயே அதன் வேலை இருக்கிறது.

அந்த மரத்தை அருகில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். உப்புச் சேற்றில் மற்ற மரங்கள் மூச்சுத் திணறிச் செத்துவிடும். இதற்கோ சேற்றுக்கு மேலே ஈட்டி போல நிமிர்ந்து நிற்கும் மூச்சு வேர்களை அல்லாஹ் கொடுத்திருக்கிறான். உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியேற்றும் வழியையும் கொடுத்திருக்கிறான். இலையைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்த வேர்களுக்கு நடுவேதான் இறால் குஞ்சும் நண்டும் மீன் குஞ்சும் வளர்கின்றன. காயலில் கொடுவாயும் மடவையும் கிடைப்பதற்கு அந்தக் காடுதான் தொட்டில். வேர் பிடித்து வைத்திருக்கும் சேற்றுக்குள் பல நூறு ஆண்டுகளாகக் கரி அடைபட்டுக் கிடக்கிறது. காட்டை அழித்தால் அந்தக் கரி காற்றில் கலந்து பூமியைச் சூடாக்கும்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, கடலூர் மாவட்டத்தில் பிச்சாவரம் காட்டின் மறைவில் இருந்த ஊர்களில், மறைவின்றித் திறந்தவெளியில் இருந்த ஊர்களைவிடச் சேதம் குறைவாக இருந்ததைப் பின்னர் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கஜாவில் முத்துப்பேட்டைக் காடு தானே அடி வாங்கியது. ஏராளமான மரங்கள் முறிந்து இலையிழந்து நின்றன.

இந்தக் காட்டுக்கு ஆபத்து கோடரியால் மட்டும் வருவதில்லை. ஆற்றில் நல்ல தண்ணீர் வராவிட்டால் உப்பு ஏறிப்போகும். உப்பைத் தாங்கும் மரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அர்ரஹ்மான் அத்தியாயத்தில் வானத்தை உயர்த்தித் தராசை நிலைநாட்டியதாகச் சொல்லிவிட்டு, அந்தத் தராசில் வரம்பு மீறாதீர்கள் என்று எச்சரிப்பதை நாம் ஓதுகிறோம். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் அளவோடு கலக்கும் அந்த முகத்துவாரமே ஒரு மீஸான்தான்.

ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். வெள்ளையர் காலத்தில் மொத்தமாக வெட்டப்பட்டதால் உள்ளே பள்ளமாகி, தண்ணீர் தேங்கி, உப்பேறித் தரிசாகக் கிடந்த இடங்களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன் முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். அலை உள்ளே வந்து போக வழி கிடைத்ததும், நட்ட கன்றுகள் அங்கே காடாயின. மனிதக் கைகள் கெடுத்ததை மனிதக் கைகளே சீர் செய்ய முடியும் என்பதற்கு இது கண்முன் உள்ள ஆதாரம்.

"என் பங்கில்தானே ஓட்டை போடுகிறேன்?"

"என் சொந்த நிலம், நான் இறால் குட்டை வெட்டுவேன், கழிவை வாய்க்காலில் விடுவேன், யார் கேட்பது?" என்று சிலர் சொல்வதுண்டு. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவித்து புகாரியில் வரும் கப்பல் உவமையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். மேல்தளத்தில் சிலர், கீழ்த்தளத்தில் சிலர். கீழே இருப்பவர்கள் தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே வரவேண்டியிருக்கிறது. நம் பங்கிலேயே ஒரு துளை போட்டுக்கொண்டால் மேலே உள்ளவர்களுக்குத் தொந்தரவு இருக்காதே என்று நினைக்கிறார்கள். மேலே உள்ளவர்கள் அவர்களை அப்படியே விட்டுவிட்டால் எல்லோரும் அழிவார்கள், கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் தப்புவார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள்.

இந்த உவமையில் துளை போடுபவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அடுத்தவருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்ற நல்ல எண்ணம்கூட அவர்களிடம் இருக்கிறது. சொந்தப் பங்கில்தான் செய்கிறார்கள். ஆனாலும் கப்பல் மூழ்கும். தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு செய்யக் கூடாது என்ற நபிமொழியை (நூல்: இப்னு மாஜா) நம் ஃபுகஹாக்கள் மார்க்கச் சட்டத்தின் அடிப்படை விதிகளில் ஒன்றாக எடுத்தது இதனால்தான். உடைமை உரிமை உண்டு, ஆனால் அது பக்கத்து வயலில் உப்பேற்றும் உரிமை அல்ல.

நீர், புல், நெருப்பு

தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற கருத்தில் ஒரு நபிமொழி அபூதாவூதில் வருகிறது. மதரஸாவில் இதை ஓதிய காலத்தில், தண்ணீரும் புல்லும் சரி, நெருப்பு ஏன் இந்தப் பட்டியலில் வருகிறது என்று நான் யோசித்ததுண்டு. அன்றைய வாழ்வில் சமையலும் வெளிச்சமும் குளிருக்கு வெப்பமும் நெருப்பிலிருந்துதான் கிடைத்தன. இன்றைய மொழியில் சொன்னால் எரிசக்தி. எரிசக்தி என்பது ஒரு சிலர் கையில் மட்டும் சுற்றி, மற்றவர்கள் அதன் புகையை மட்டும் சுவாசிப்பதாக இருக்கக் கூடாது.

இன்று நம் நாட்டு மின்சாரத்தின் மிகப் பெரிய பங்கு நிலக்கரியை எரித்தே கிடைக்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியாகிறது. நாம் சுவிட்சைத் தட்டும்போது நம் வீட்டில் புகை வருவதில்லை, அது வேறொருவர் வீட்டு வாசலில் வருகிறது. அனல் மின்நிலையத்தின் சாம்பல் விழும் ஊரில் இருப்பவரும் நம் அண்டை வீட்டார்தான், கொஞ்சம் தூரத்தில் இருக்கும் அண்டை வீட்டார்.

சூரியனைச் சுடர்விடும் விளக்காக ஆக்கியதை அந்நபஃ அத்தியாயத்தில் அல்லாஹ் நினைவூட்டுகிறான். காற்றுகளை நற்செய்தி சொல்பவையாக அனுப்புவதை அர்ரூம் அத்தியாயத்தில் தன் அத்தாட்சிகளில் ஒன்றாகச் சொல்கிறான். இந்த இரண்டு அருட்கொடைகளும் நம் மாநிலத்தில் தாராளமாக இருக்கின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாயில் வீசும் காற்று முப்பந்தல் பகுதியில் ஆயிரக்கணக்கான காற்றாலைகளைச் சுழற்றுகிறது. மாநிலத்தின் மொத்தக் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. வறண்ட பூமி என்று பேர் வாங்கிய இராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதியில் 2016ஆம் ஆண்டு 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் தொடங்கப்பட்டது. பயிருக்குப் பகையாக நாம் நினைத்த வெயிலை அல்லாஹ் வருமானமாக மாற்றிக் காட்டுகிறான்.

இதிலும் நீதி வேண்டும். சூரியத் தகடு வைக்கிறோம் என்று சொல்லி ஏழையின் மேய்ச்சல் நிலத்தையும் கண்மாயையும் எடுத்துக்கொண்டால் அது சுத்தமான எரிசக்தி ஆகாது. உமர் (ரலி) அவர்கள் அரசின் பாதுகாக்கப்பட்ட மேய்ச்சல் நிலமான ஹிமாவுக்கு ஹுனய் என்பவரைப் பொறுப்பாக நியமித்தபோது, சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உள்ள ஏழைகளை உள்ளே விடும்படியும், அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், உஸ்மான் இப்னு அஃப்பான் போன்ற செல்வந்தர்களின் மந்தைகளை விடாதிருக்கும்படியும் சொன்னார்கள் (நூல்: புகாரி). அந்தச் செல்வந்தர்கள் சொர்க்கத்தைக் கொண்டு நற்செய்தி சொல்லப்பட்ட ஸஹாபாக்கள்! அவர்களிடம் குறை கண்டு சொல்லவில்லை. மந்தை அழிந்தாலும் அவர்களுக்குத் தோட்டமும் விளைநிலமும் இருக்கிறது, ஏழைக்கு வேறு வழியில்லை என்பதே காரணம். இயற்கையைக் காக்கும் திட்டம் எதுவானாலும், முதலில் ஏழையின் வயிற்றைப் பார்க்க வேண்டும் என்பது உமரிய நீதி.

பள்ளிவாசலிலிருந்து தொடங்குவோம்

பள்ளிவாசலில் முதலில் விளக்கு ஏற்றியவர் தமீமுத் தாரி (ரலி) அவர்கள் என்று இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு வருகிறது. அதன் தொடரில் பலவீனம் உண்டு என்றாலும் வரலாற்று நூல்களில் பிரபலமான செய்தி. நல்ல வெளிச்சம் அல்லாஹ்வின் இல்லத்தில் முதலில் வரட்டும் என்ற ஆசை நம்மிடமும் இருக்கட்டும். ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசல் கூரையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சூரியத் தகடுகளை வைத்து, உளூத் தண்ணீரையும் மறுசுழற்சி செய்து, 2022ஆம் ஆண்டு பசுமைக் கட்டடச் சான்று பெற்றது. 2015 ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் பல நாட்டு ஆலிம்களும் அறிஞர்களும் கூடிப் பருவநிலை குறித்த இஸ்லாமியப் பிரகடனத்தை வெளியிட்டார்கள். உலகம் நகர்கிறது. நம் மஹல்லா எங்கே நிற்கிறது?

முதலில் உளூ. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் உளூச் செய்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள் (நூல்: புகாரி, முஸ்லிம்). மத்ஹபுகளின் கணக்கில் சிறு வேறுபாடு இருந்தாலும், அது ஏறக்குறைய முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்தான். ஒருநாள் நான் உளூச் செய்யும் குழாயின் கீழே வாளியை வைத்துப் பார்த்தேன். உபதேசம் செய்யும் நானே முக்கால் வாளி நிரப்பியிருந்தேன்! வெட்கமாகிவிட்டது. அன்றிலிருந்து குழாயைப் பாதி திருகுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். நாளை நீங்களும் வாளியை வைத்துப் பாருங்கள். அந்தத் தண்ணீரை மேலே ஏற்றியதும் மின்சாரம்தான் என்பதை மறக்காதீர்கள்.

இரண்டாவது, பள்ளியின் மின்கட்டணம். ஜமாஅத் முடிந்தும் காலி ஸஃப்களுக்கு மேலே ஓடும் மின்விசிறிகளை யார் நிறுத்துவது? உறங்கும்போது விளக்கை அணைத்துவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதன் நேரடிக் காரணம் தீ விபத்து. ஆனால் விரயம் கூடாது என்பதற்குத் தனியே குர்ஆன் வசனங்களே இருக்கின்றன. வீண் விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று சொல்லும் அளவுக்குக் கடுமையான எச்சரிக்கை அது.

மூன்றாவது, சூரிய மின்சாரம். நம் பகுதி வெயிலுக்கு 1 கிலோவாட் தகடு சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். 3 கிலோவாட் வைத்தால் ஆண்டுக்கு 4,000 யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என மானியம் நிர்ணயிக்கப்பட்டது. வசதியுள்ளவர்கள் விசாரித்துச் செய்யுங்கள். கடன் வாங்கித்தான் செய்ய வேண்டுமென்றால் வட்டியில் போய் விழாதீர்கள். ஒரு நன்மைக்காக ஒரு ஹராமைச் செய்ய வேண்டியதில்லை.

முதவல்லிகளுக்கு ஒரு தகவல். மின்வாரிய இணைப்போடு மட்டும் இயங்கும் சாதாரணச் சூரிய அமைப்பு, கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். புயல் நாளில் மோட்டார் ஓட வேண்டுமானால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். கரையோர ஊர்களில் தகட்டைத் தாங்கும் சட்டம் புயல் காற்றைத் தாங்குமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

செலவுக்கு எந்தப் பணம் என்ற கேள்வி வரும். ஜகாத்தைத் தொடக் கூடாது. அதற்கு உரிய எட்டு வகையினரை அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் குறிப்பிட்டுவிட்டது. பள்ளியின் பொதுநிதி, நன்கொடை, இதற்கென்றே தரப்படும் வக்ஃப் ஆகியவற்றிலிருந்து செய்யலாம். தாய் தந்தையின் பெயரால் ஸதகத்துல் ஜாரியா செய்ய விரும்பும் சகோதரர்களே! இருபதாவது கடிகாரமும் முப்பதாவது மின்விசிறியும் பள்ளிக்கு வேண்டாம். ஒரு தகடு கொடுங்கள். அதன் மின்சாரத்தில் தண்ணீர் ஏறி, அதில் ஒருவர் உளூச் செய்து ஸஜ்தாவில் விழும்போதெல்லாம் உங்கள் வாப்பாவின் கப்ரில் வெளிச்சம் சேரும், இன்ஷா அல்லாஹ்.

கையில் இருக்கும் கன்று

கியாமத் நாள் வந்துவிட்ட நிலையிலும் உங்களில் ஒருவர் கையில் கன்று இருந்தால், முடிந்தால் அதை நட்டுவிடட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள் (நூல்: அஹ்மத்). அந்தக் கன்று மரமாகாது, காய்க்காது, நிழல் தராது. இருந்தும் நடச் சொன்னார்கள். பலன் நம் பொறுப்பு அல்ல, நடுவதே நம் பொறுப்பு. "நான் ஒருவன் செய்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவருக்கு இதற்கு மேல் என்ன பதில் வேண்டும்?

கஜாவுக்குப் பிறகு அந்த ஊரில் கொஞ்சம் இளைஞர்களைக் கூட்டிக்கொண்டு வனத்துறையினரோடு காயலுக்குப் போய் அலையாத்தி விதைகளை ஊன்றினோம். முழங்கால் வரை சேறு. "ஹஜ்ரத், இதில் பாதி பிழைக்காதே" என்று ஒரு தம்பி சொன்னார். உண்மைதான், பாதிகூடப் பிழைக்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் போனபோது மீதி இருந்தவை என் இடுப்புக்கு மேல் நின்றன. மூச்சு வேர்களுக்கு நடுவே நண்டுகள் ஓடின. ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்ற புகாரியின் ஹதீஸ் நினைவுக்கு வந்தது. இந்த நண்டுகளின் கணக்கு அந்தத் தம்பியின் ஏட்டில் ஏறிக்கொண்டிருக்கும். பள்ளியின் மூடிய ஹவுளையும் மீண்டும் திறந்தோம், கைப்பம்பைச் சரி செய்தோம். எங்களுக்குக் கிணற்றைத் திறந்துவிட்ட அந்தச் சகோதரரிடம், இனி ஒரு புயல் வந்தால் உங்களுக்கும் இங்கே தண்ணீர் உண்டு என்று ஜமாஅத் சார்பில் சொல்லிவிட்டு வந்தோம்.

அன்புச் சகோதரர்களே, சகோதரிகளே! இந்த வாரம் மூன்று காரியங்கள் செய்யுங்கள். உளூவின்போது குழாயைப் பாதி திருகுங்கள். ஆளில்லா அறையில் ஓடும் விசிறியை எழுந்துபோய் நிறுத்துங்கள். உங்கள் ஊர் வாய்க்காலிலோ குளத்திலோ யாராவது குப்பையோ கழிவோ கொட்டினால், கப்பலின் மேல்தளத்தில் இருப்பவராக, அழகிய முறையில் அவர் கையைப் பிடியுங்கள். அது நம் வீட்டுக் கையாக இருந்தாலும் சரி.

யா அல்லாஹ்! நீ அமானிதமாகத் தந்த பூமியை நாங்கள் கெடுத்ததற்காக எங்களை மன்னிப்பாயாக. எங்கள் ஆறுகளில் நல்ல தண்ணீரையும், எங்கள் கடலில் பரக்கத்தையும், எங்கள் நிலங்களில் விளைச்சலையும் தருவாயாக. புயலிலும் வெள்ளத்திலும் வீடும் தோப்பும் இழந்தவர்களுக்கு அதைவிடச் சிறந்ததைத் தருவாயாக. கெடுத்தவர்களின் கூட்டத்தில் அல்லாமல், சீர்திருத்தியவர்களின் கூட்டத்தில் எங்களை எழுப்புவாயாக.

ஆமீன், யா ரப்பல் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.